ஆறு விளக்குகள், மூன்று இடங்கள்: தடம் ஓடும் ஒரு வண்டியில் துணை விளக்கு சுவிட்சுகளுக்கு இடம் தேர்ந்த நிகழ்வு ஆய்வு

வண்டியும் வந்த குறையும்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி, 2020க்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த, கான்வாஸ் கூரை போட்ட ஒரு மஹிந்திரா தார். உரிமையாளர் வேளச்சேரியில் குடியிருப்பவர். வார நாட்களில் பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகத்துக்குப் போய்வரவும், விடுமுறை நாட்களில் ஜவ்வாது மலைப் பக்கத்து மண்தடங்களில் ஓட்டவும் அவரிடம் இருப்பது இந்த ஒரே வண்டிதான். கீழே வரும் முடிவுகள் பலவற்றுக்கும் இந்த இரட்டைப் பயன்பாடே அடிப்படை. தடத்தில் மட்டும் ஓடும் வண்டியில் சுவிட்சை எங்கு வைத்தாலும் ஓரளவு சமாளித்துவிடலாம். எதிரே ஆம்னி பேருந்தும் தண்ணீர் லாரியும் பைக்குகளும் வரும் சாலையில் இரவில் ஓட வேண்டிய வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது.

வண்டியில் தொழிற்சாலை விளக்குகளுக்கு மேல் ஆறு சுற்றுகள் சேர்க்கப்பட்டிருந்தன. பம்பரில் ஒரு ஜோடி ஃபாக் லேம்ப், அதே பம்பரில் தொலைதூரத்துக்கு ஒளி வீசும், 55 வாட் ஹாலஜன் பல்பு போட்ட ஒரு ஜோடி டிரைவிங் லேம்ப், கண்ணாடிச் சட்டத்தின் மேல் 120 வாட் எல்.இ.டி. பார் (நீளப் பட்டை விளக்கு), பானட்டின் இரு ஓரங்களிலும் பக்கவாட்டைக் காட்டும் சிறு விளக்குகள், பின்புறம் ஒரு வொர்க் லைட், பின்கதவை ஒட்டி உள்ளே கூடாரம் போடும்போது பயன்படும் ஒரு கேம்ப் லைட். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் புல் பார்களுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிய பிறகு உரிமையாளர் முன்பக்க இரும்புச் சட்டத்தைக் கழற்றிவிட்டதால், விளக்குகள் பம்பருக்கு இறங்கியிருந்தன. இவை அனைத்துக்குமான ஆறு சுவிட்சுகளை ஒரே தகட்டில் வரிசையாக அடுக்கி, கியர் ராடுக்கு முன்னால், டேஷ்போர்டின் அடிவிளிம்பில் ஒரு அக்சஸரீஸ் கடையில் பொருத்திக் கொடுத்திருந்தார்கள்.

குறைகள் மூன்று. பாரை நீண்ட நேரம் எரியவிட்டால் அதன் சுவிட்ச் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. ஜி.எஸ்.டி. சாலையில் ஒருநாள் இரவு, முன்பக்கம் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் சாய்ந்து பார் தானாக எரிந்துவிட்டது. எதிரே வந்தவர்கள் டிம் அடித்துத் திட்டிய பிறகும், ஒரே மாதிரியான ஆறு சுவிட்சுகளில் எதை அணைப்பது என்று ஓட்டுநர் தடவிக்கொண்டிருந்தார். மூன்றாவது குறையை அவர் தற்செயலாகத்தான் சொன்னார்: செங்குத்தான இறக்கத்தில் கை சுவிட்சுக்கு எட்டவில்லை, அதே இருக்கையில் அமர்ந்து வீட்டு வாசலில் நீட்டினால் எட்டுகிறது. எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இந்த மூன்றாவது குறைதான்.

பழைய இடம் எப்படி முடிவானது

தகட்டைக் கழற்றிப் பார்த்ததில், சுவிட்ச் அங்கே ஏன் வந்தது என்பதற்கான விடை வயரிலேயே இருந்தது. சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ரிலே எதுவும் போடப்படவில்லை. பேட்டரியிலிருந்து கிளம்பிய மின்சாரம் முழுவதும், எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள தடுப்பான ஃபயர்வாலைத் தாண்டி உள்ளே வந்து, சுவிட்ச் வழியாகப் போய், மீண்டும் வெளியேறி விளக்குக்குச் சென்றது. இப்படிச் செய்யும்போது ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒன்று, வர ஒன்று என்று வயர் குவிகிறது. அந்தக் கட்டை நீளமாக வளைத்து எடுத்துப்போக யாருக்கும் மனம் வராது. எனவே ஃபயர்வாலில் ஏற்கெனவே இருக்கும் ரப்பர் குரோமெட்டுக்கு (வயர் நுழையும் துளையின் வளையத்துக்கு) எது பக்கமோ அதுவே சுவிட்சுக்கு இடமாகிவிடுகிறது. உரிமையாளர் நினைவிலிருந்து சொன்ன வாசகம் இது: "சார், இந்த ஓட்டை கம்பெனியே குடுத்தது, இதுலயே விட்டுடலாம், டேஷ்போர்டை உடைக்க வேணாம்." பொருத்தியவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வயரிங்கை அப்படி வைத்துக்கொண்டால் அது நியாயமான முடிவுகூட. ஓட்டுநரின் கை எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு அந்த வயரிங்கில் இடமே இல்லை என்பதுதான் சிக்கல்.

பாருக்கான சுவிட்சின் பின்புறம், வயரின் உலோக முனையான லக் செருகியிருந்த இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறி, சற்று இளகியும் இருந்தது. 120 வாட் என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். சுவிட்சின் மேல் 20 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்ததால் கணக்குப்படி அது தாங்கியிருக்க வேண்டும். ஆனால் லக்கை அதற்குரிய கருவியால் பக்குவமாக அழுத்திக் கிரிம்ப் செய்யாமல் பிளையரால் நசுக்கியிருந்தார்கள். கான்வாஸ் கூரை வழியே வந்த ஈரமும் கடற்காற்றும் சேர்ந்து செம்பு இழைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. தொடுகையின் மின்தடை ஓமில் பத்தில் ஒரு பங்கு கூடினாலே 10 ஆம்பியரில் அந்தச் சிறு புள்ளியில் 10 வாட் வெப்பம் எழும். சென்னையில் பழைய வண்டிகளின் வயரிங்கைத் திறந்தவர்களுக்கு அந்தக் களிம்பு புதிதல்ல.

ஹாலஜன் ஜோடியின் நிலையும் சோர்வானதுதான். 1 சதுர மி.மீ. வயரில், போகவும் வரவும் சேர்த்து ஏறத்தாழ 8 மீட்டர். செம்பின் தடையை வைத்துக் கணக்கிட்டால் 0.14 ஓம்; இரண்டு 55 வாட் பல்புகள் இழுக்கும் 9 ஆம்பியருக்கு வயரிலேயே 1.2 வோல்ட்டுக்கு மேல் தொலைகிறது. ஹாலஜன் பல்புக்கு மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறையும். இன்னும் பெரிய விளக்கு வேண்டும் என்று உரிமையாளர் யோசித்துக்கொண்டிருந்ததற்குப் பாதிக் காரணம் இந்த இழப்பே.

முதலில் ரிலே, பிறகு இடம்

எனவே இடத்தைப் பற்றிப் பேசும் முன் வயரிங்கை மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் பானட்டுக்குள் ஒரு ரிலே, பேட்டரியை ஒட்டி ஒரு ஃப்யூஸ், விளக்கு வரை 2.5 சதுர மி.மீ. வயர் என்று அமைத்தோம். ரிலேயின் 30, 87 முனைகள் விளக்கின் மின்சாரத்தைச் சுமக்கின்றன. 85, 86 முனைகளுக்கு இடையேயுள்ள சுருளை இயக்க 0.2 ஆம்பியருக்கும் குறைவாகவே தேவைப்படுகிறது. சுவிட்சுக்கு வருவது அந்தச் சிறு மின்னோட்டம் மட்டுமே என்பதால், 0.5 சதுர மி.மீ. வயர் தாராளமாகப் போதும். ஆறு சுற்றுகளுக்கான மெல்லிய வயர்களையும் ஒரே ஸ்லீவில் போட்டால் விரல் தடிமன்கூட வராது. அதைத் தூணுக்குள்ளோ கார்பெட்டுக்கு அடியிலோ எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். சுருள் அணையும்போது எழும் எதிர் மின்னழுத்தம் சுவிட்சின் தொடுமுனையைத் தின்னாமல் இருக்க, உள்ளேயே டையோடு அல்லது ரெசிஸ்டர் வைத்த ரிலேக்களைக் கேட்டு வாங்கினோம். டையோடு வைத்ததில் 85, 86 முனைகளை மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது என்பதால், வயர் நிறத்தை முதலிலேயே எழுதி ஒட்டிக்கொண்டு வேலை செய்வது நல்லது. ரிலேக்களும் ஃப்யூஸ் பெட்டியும் புதுப்பேட்டையில் கிடைத்தன. நல்ல கிரிம்பிங் கருவியும் வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவும் ரிச்சி தெருவில்.

ரிலே வந்ததும் வயர் சுவிட்சை இழுத்துப் பிடிப்பது நின்றுவிடுகிறது. அதன் பிறகுதான் இடத்தைக் கையின் பக்கத்திலிருந்து யோசிக்க முடியும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்களே அதிகம்: அழகான பேனலை முதலில் வாங்கிவிட்டு, அதற்குப் பொருந்தும் காலியிடத்தைத் தேடி, மிச்சத்தை எலக்ட்ரீசியனிடம் விட்டுவிடுகிறார்கள்.

எட்டாத கையின் காரணம்

இறக்கத்தில் கை எட்டாததற்குக் காரணம் சீட் பெல்ட். வழக்கமான பெல்ட் ரீலுக்குள், வண்டி சட்டென்று வேகம் குறைவதை மட்டுமல்லாமல் சாய்வையும் உணரும் ஒரு பூட்டு இருக்கிறது. சீட் பெல்ட்டுகளுக்கான ஐ.நா. 16ஆம் விதிமுறைப்படி, ரீல் 12 பாகை வரை சாய்ந்தால் பூட்டக் கூடாது, 27 பாகையைத் தாண்டினால் பூட்டியே தீர வேண்டும். சாலையில் இந்தக் கோணங்கள் வருவதில்லை. பாறையும் சரிவுமான தடத்தில் அடிக்கடி வருகின்றன. குலுக்கலும் சேர்ந்துகொண்டால் பூட்டு இன்னும் எளிதாக விழும். பெல்ட் பூட்டிய நிலையில் ஓட்டுநரின் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கிடக்கிறது, தோளை முன்னே கொண்டுவர முடிவதில்லை. வாசலில் நின்ற வண்டியில் அவர் தம்மையறியாமல் முன்னே குனிந்துதான் சுவிட்சைத் தொட்டிருக்கிறார். அந்தக் குனிவு போனால் சுவிட்ச் எட்டாது. பழக்கத்தில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எட்டிப் பிடிப்பது ஒரு தீர்வாகத் தோன்றலாம். உருளும் அபாயம் உள்ள அதே நொடியில் பெல்ட்டைக் கழற்றச் சொல்லும் அமைப்பை அமைப்பு என்றே சொல்லக் கூடாது.

ஆகவே எட்டும் தூரத்தை நிற்கும் வண்டியிலேயே அளந்தாலும், பெல்ட்டைச் சட்டென்று இழுத்துப் பூட்டவைத்து, முதுகும் தலையும் இருக்கையைத் தொட்டபடி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அளந்தோம். வலது கை ஸ்டியரிங்கின் மேல், இடது கை கியர் ராடின் மேல். அங்கிருந்து எந்தக் கையை எடுக்கலாம், எவ்வளவு நேரம் எடுக்கலாம் என்பது அடுத்த கேள்வி. நம் வண்டிகள் வலப்பக்க ஓட்டுநர் வண்டிகள் என்பதால் இடது கைக்கு ஏற்கெனவே வேலை அதிகம்: கியர் ராடு, அதன் பக்கத்தில் நான்கு சக்கர இயக்கத்துக்கான லீவர் இரண்டும் அந்தக் கையைச் சேர்ந்தவை. வெளிநாட்டு இடப்பக்க ஓட்டுநர் வண்டிகளின் படங்களைப் பார்த்து அப்படியே நடுவில் எல்லாவற்றையும் குவிப்பது, அங்கே வலது கைக்கு வைத்த வேலையை இங்கே இடது கையின் தலையில் கட்டுவதாகும். நம்மில் பெரும்பாலோருக்கு அது பழக்கம் குறைந்த கை.

அட்டையும் தெர்மாகோலும்

ஓட்டை போடுவதற்கு முன், தெர்மாகோல் துண்டுகளில், மேலும் கீழும் சாய்ந்து அழுந்தும் நிஜ ராக்கர் சுவிட்சுகளைச் செருகி, இருபக்க டேப்பால் ஒவ்வோர் இடத்திலும் ஒட்டிப் பார்த்தோம். ஓட்டுநரைக் கண்களை மூடச் சொல்லி, "பார்", "ஃபாக்", "பின்னால்" என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல, கை எங்கே போகிறது என்று பார்ப்பது சோதனை. முதல் தொடுகையிலேயே சரியான சுவிட்சின் மேல் விரல் விழுகிறதா என்பதையே கவனித்தோம். தடவிக் கண்டுபிடித்தால் அந்த இடம் தள்ளுபடி. செலவே இல்லாத இந்தச் சோதனை நடந்த நேரம் முழு வேலையில் ஒரு சிறு பகுதிதான். ஆனால் டேஷ்போர்டில் தவறான ஓட்டை போட்டுவிட்டால் அதை அடைக்க வழியில்லை.

ஸ்டியரிங்கின் வலப்புறம், டேஷ்போர்டின் கீழ்ப்பகுதி, முழங்காலுக்கு மேலே உள்ள இடம் பலரும் விரும்புவது. அங்கே கை நன்றாகவே போகிறது. ஆனால் கீழ்விளிம்பில் தொங்கவிட்டால் வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் முழங்கால் இடிக்கும். மோதலின்போது முதலில் முட்டுவதும் முழங்கால்தான். வாகனத்தின் உட்புறப் பாகங்களுக்கான ஐ.நா. 21ஆம் விதிமுறை, பயணியின் உடல் படக்கூடிய இடங்களில் விளிம்புகள் குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்துக்கு உருட்டப்பட வேண்டும் என்ற கொள்கையைப் பின்பற்றுகிறது. கடைகளில் கிடைக்கும் மெல்லிய மடித்த தகட்டுப் பேனல்களின் முனையைத் தடவிப் பார்த்தாலே அந்தக் கொள்கையின் அருமை புரியும். எனவே அந்தப் பகுதியில் அடிவிளிம்பை விட்டுவிட்டு, ஸ்டியரிங் வளையத்தின் குறுக்குக்கம்பி உயரத்தில், டேஷ்போர்டின் நேர்முகத்தில் மட்டும் இடம் தேடினோம். இரண்டு சுவிட்சுகளுக்கு இடம் இருந்தது, மூன்றாவதற்கு இல்லை.

டேஷ்போர்டின் மேற்புறம் பார்வைக்கு மிக அருகில் இருக்கிறது, கையும் ஓரளவு எட்டுகிறது. அதை இரண்டு காரணங்களுக்காக ஒதுக்கினோம். மேல்நோக்கிய சுவிட்சின் உள்விளக்கு இரவில் முன்கண்ணாடியில் பிரதிபலித்து, பார்க்க வேண்டிய இருட்டின் மேலேயே ஒரு நீலப் புள்ளியாக நின்றது. கத்திரி வெயிலில் வெட்டவெளியில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டு மேற்பரப்பு அடையும் சூட்டில் ஒட்டும் டேப் இளகிவிடும். திருகு போடலாம் என்றால், அது தலை மோதக்கூடிய பகுதி.

கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பில், விமான ஓட்டியின் தலைக்கு மேல் இருப்பதைப் போல சுவிட்சுகள் வேண்டும் என்பது உரிமையாளரின் ஆசை. ஏறக்குறைய தடம் ஓட்டும் எல்லோருடைய ஆசையும் அதுதான். படத்தில் அழகாக இருக்கும். இரும்புக் கூரை கொண்ட வண்டியில் அது மோசமான இடமல்ல. முழங்கால், பாட்டில், சேறு எதுவும் அங்கே எட்டாது. ஆனால் இந்த வண்டியில் கான்வாஸ் கூரை சட்டத்தோடு சேரும் அந்த மடிப்புதான் மழைநீர் உள்ளே வரும் முதல் வழி. வடகிழக்குப் பருவமழையில் வேளச்சேரியில் நிற்கும் வண்டிக்கு அது ஆண்டுதோறும் நடப்பது. நீர் புகாத சுவிட்சை வாங்கிவிடலாம் என்றால், பெரும்பாலான ராக்கர்களில் அந்தத் தரச்சான்று பேனலின் முன்பக்கத்துக்கு மட்டுமே. பின்னால் உள்ள லக்குகள் திறந்தபடிதான் இருக்கும், கூரைநீர் வருவதோ பின்னாலிருந்து. கையை ஒருமுறை தலைக்கு மேல் தூக்கினால் பெல்ட் பூட்டிய தோள் அதை எவ்வளவு தடுக்கிறது என்பதும் தெர்மாகோல் சோதனையில் தெரிந்தது. உரிமையாளருக்கு மனக்குறைதான்.

முன்தூணில் வைப்பது ஒரு கைப்பிடி தூரத்தில் இருப்பதால் கவர்ச்சியானது. ஆனால் ஏறும்போது எல்லோரும் பிடித்துத் தொங்குவது அந்தத் தூணைத்தான். புதிய தலைமுறை வண்டிகளில் தூணின் உறைக்குள் திரை ஏர்பேக் இருக்கக்கூடும் என்பதால், எந்த வண்டியிலும் அங்கே திருகு போடும் முன் சேவைக் கையேட்டைப் பார்க்காமல் கைவைக்கக் கூடாது. கதவில் வைப்பது பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கீலில் மடங்கி மடங்கி வயர் அறுந்துபோகும், தவிர இவர் தடத்தில் கதவைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர். கைப்பேசியிலிருந்து ப்ளூடூத் வழியே இயக்கும் பெட்டிகளும் தொடுபலகைகளும் கேம்ப் லைட்டுக்கு ஆகலாம். சேறு படிந்த விரலுக்கு, குலுங்கும் வண்டியில், தடவினால் உருவம் தெரியாத ஒரு பரப்பு உதவாது.

பிரித்து வைத்தது

இந்த நிலையில் ஒரே பேனல் என்ற எண்ணத்தைக் கைவிட்டோம். ஆறு விளக்குகளும் விளக்குகள் என்பதைத் தவிர அவற்றுக்குள் ஒற்றுமை குறைவு. ஃபாக் லேம்ப்பும் டிரைவிங் லேம்ப்பும் சாலையில், வேகத்தில், எதிரே ஆள் இருக்கும்போது இயக்கப்படுபவை. பாரும் பக்கவாட்டு விளக்கும் பின் வொர்க் லைட்டும் தடத்தில், ஊர்ந்து போகும்போது தேவைப்படுபவை. கேம்ப் லைட்டை இயக்குபவர் அந்த நேரத்தில் வண்டிக்குள்ளேயே இருக்கமாட்டார். தவறுதலாக எரிந்தால் விளையும் கேடும் மூன்று வகைக்கும் வேறு வேறு.

சாலைக்குரிய இரண்டும் ஸ்டியரிங்கின் வலப்புறம், முன் சொன்ன நேர்முகத்தில் போயின. அதிலும் டிரைவிங் லேம்ப்பின் ரிலேச் சுருளுக்கான மின்சாரத்தை ஹைபீம் வயரிலிருந்து எடுத்தோம். சுவிட்ச் போட்டிருந்தாலும் ஹைபீம் எரிந்தால்தான் டிரைவிங் லேம்ப் எரியும். எதிரே வண்டி வரும்போது ஓட்டுநர் வழக்கம்போல் டிம் செய்தாலே இரண்டும் சேர்ந்து இறங்கிவிடும். அணைப்பதற்கு மிகச் சிறந்த இடம் ஏற்கெனவே விரல் பழகிய அந்த லீவர்தான், நாம் வைக்கும் எந்தச் சுவிட்சும் அதற்கு ஈடாகாது. ஒரு எச்சரிக்கை: சில ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் ஹெட்லைட்டின் எர்த் பக்கத்தைத்தான் சுவிட்ச் இயக்குகிறது. அங்கே ஹைபீம் அணைந்திருக்கும்போது அதன் வயரில் 12 வோல்ட் நிற்கும், எரியும்போது இறங்கிவிடும்; இந்த இணைப்பு தலைகீழாக நடந்துகொள்ளும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே வயரைத் தொட வேண்டும். கணினி வழியே விளக்குகளை இயக்கும் புதிய வண்டிகளில் அந்த வயரை வெட்டி இணைப்பதே சரியல்ல.

தடத்துக்குரிய மூன்றும் நடுவே, ஆனால் பழைய இடத்துக்கு ஒரு சாண் மேலே, கியர் ராடின் குமிழிலிருந்து விரலை நீட்டினால் படும் உயரத்தில் ஓட்டுநரை நோக்கிச் சற்றே திருப்பி வைக்கப்பட்டன. உயரம் கூடியதால் பாட்டிலும் சில்லறையும் அதன் மேல் விழ வழியில்லை. தகட்டுக்குப் பதில் 5 மி.மீ. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பலகையை வெட்டி, விளிம்பை முழு வட்டமாக அரம் போட்டதில் 2.5 மி.மீ. ஆரம் தானாகவே கிடைத்தது. ஒவ்வொரு ராக்கருக்கும் 37க்கு 21 மி.மீ. துளை, பின்னால் சுவிட்சின் உடலுக்கு ஏறத்தாழ 40 மி.மீ.யும், அதற்கு மேல் லக்கும் வயரும் வளைய இடமும் வேண்டும். முன்பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு வெட்டினால் பின்னால் ஏ.சி. குழாயில் போய் முட்டும்.

பாருக்கு இருபக்கமும் அழுத்தக்கூடிய, நடுவில் நிற்கும் மூன்று நிலை ராக்கர் போட்டோம். மேல்பக்கம் அழுத்தினால் ஹைபீமோடு சேர்ந்து எரியும், கீழ்ப்பக்கம் அழுத்தினால் இக்னிஷன் இருக்கும் வரை தனியாக எரியும், நடுவில் அணைந்திருக்கும். தனியாக எரியும் நிலை தடத்துக்கு அவசியம், ஏனெனில் ஊர்ந்து போகும்போது ஹெட்லைட் டிம்மில்தான் இருக்கும். அந்தக் கீழ்ப்பக்கம் தவறுதலாக அழுந்தாதபடி, விரலால் தள்ளினால்தான் விடுபடும் பூட்டு வைத்த ராக்கரைத் தேர்ந்தோம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111ஆம் விதி, பதிவு அதிகாரி ஒப்புதல் தந்த விதிவிலக்கான சூழல் தவிர வண்டியின் முன்புறத்தில் ஸ்பாட் லைட், சர்ச் லைட் ஆகியவற்றுக்கு இடம் தருவதில்லை. அதை மனத்தில் வைத்து, பொதுச்சாலைக்கு வரும்போது பாருக்கு ஒளிபுகா உறை போடுவதோடு, அதன் ஃப்யூஸையும் கழற்றிவிட வேண்டும் என்று உரிமையாளருக்கு எழுதியே கொடுத்திருக்கிறோம்.

மூன்று ராக்கர்களும் ஒரே உருவில் இருந்தால் பழைய குழப்பம் அப்படியே திரும்பும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பி-17 விமானங்களில், இறங்கிய பின் ஃப்ளாப்பை (இறக்கையின் பின்விளிம்பு மடலை) மடக்க வேண்டிய விமானிகள் பக்கத்திலிருந்த ஒரே மாதிரியான சுவிட்சால் சக்கரங்களை மடக்கிவிட்ட விபத்துகளை ஆராய்ந்த உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சாபனிஸ், சக்கரத்துக்கு வட்டமான ரப்பரும் ஃப்ளாப்புக்கு ஆப்பு வடிவத் துண்டும் பொருத்தச் சொன்னார். அதே வழியில் பாருக்குப் பூட்டுள்ள ராக்கர், ஓர் இடம் காலி, பிறகு பக்கவாட்டு விளக்கு, பின்விளக்கு என்று அடுக்கி, பின்விளக்கின் ராக்கர் மேல் ஒரு சொட்டு எபாக்சியை மேடாக உறைய வைத்தோம். பின்னோக்கி வெள்ளை விளக்கை எரியவிட்டபடி சாலையில் ஓடுவது பின்னால் வருபவருக்கு ஆபத்து என்பதால், அது எரியும்போது மட்டும் ராக்கரில் சிவப்புப் பொட்டு எரியும்படி வைத்திருக்கிறோம். மற்ற உள்விளக்குகள் பார்க்கிங் லைட் சுற்றிலிருந்து, மங்கலாக.

கேம்ப் லைட்டுக்குச் சுவிட்ச் பின்கதவுக்குப் பக்கத்தில், உள்சுவரில், வெளியே நிற்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் போனது. ஓட்டுநர் இருக்கையிலிருந்தும் அதை அணைக்க வேண்டும் என்று உரிமையாளர் கேட்டதால், மாடிப்படி விளக்குக்குக் கீழேயும் மேலேயும் சுவிட்ச் வைப்பது போன்ற டூவே இணைப்பை ரிலேச் சுருளின் மெல்லிய வயரிலேயே கொடுத்தோம். நடுப் பேனலில் விட்டிருந்த காலியிடத்துக்கு அது வரவில்லை, இருக்கைக்கு அடியில் தனியாகப் போனது. பேட்டரியிலிருந்து நேராக எரியும் ஒரே சுற்று இதுதான்.

ஓட்டிப் பார்த்ததில்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும், அதன் பின் ஒரு தனியார் நிலத்துச் சரிவுகளிலும் ஓட்டிப் பார்த்ததில் வலப்புற ஜோடி எந்தத் திருத்தமும் கேட்கவில்லை. வளைவில் ஸ்டியரிங்கைப் பாதி சுற்றிய நிலையில் குறுக்குக்கம்பி சுவிட்சை மறைக்கிறது என்பது உண்மை. ஆனால் ஹைபீம் லீவரே அணைக்கும் வேலையைச் செய்வதால் அந்த நேரத்தில் சுவிட்சைத் தேட வேண்டியிருக்கவில்லை. நடுப் பேனலில் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் குலுக்கலில் பிடிமானம் தேடிக் கையை நீட்டும்போது, பேனலின் இடது முனையிலிருந்த பின்விளக்கு ராக்கர் அழுந்தியது. பேனலின் இடது ஓரத்தில் ராக்கரின் உயரத்தைவிடச் சற்று எழுந்த ஒரு மேடு வைத்ததும் அது நின்றுவிட்டது. சரிவில் பெல்ட் பூட்டிய நிலையில் மூன்று ராக்கர்களையும் முதுகை அசைக்காமல் தொட முடிந்தது. நாலுசக்கர லீவரைப் பின்னே இழுத்திருக்கும்போது மட்டும் பக்கவாட்டு விளக்கின் ராக்கரைத் தொட மணிக்கட்டைச் சற்று வளைக்க வேண்டியிருந்தது, அதை உரிமையாளர் ஏற்றுக்கொண்டார்.

நடுப் பேனலின் காலியிடத்தில் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரின் சுவிட்சை வைத்துத் தர முடியுமா என்று அவர் பிறகு கேட்டார். மறுத்துவிட்டோம். அந்தக் காலியிடம் பாரைக் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் காண விட்டது; தவிர, கம்ப்ரஸரை ஓட்டுபவர் அப்போது சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருப்பார். அதன் சுவிட்ச் பானட்டுக்குள், கம்ப்ரஸரின் மேலேயே, நீர் புகாத உறையோடு போயிருக்கிறது.